பட்ட மரமும் பச்சை மரமும்

இயற்கைக் காட்சி ஓவியத்தில் மரத்துக்கு என்ன வேலை? நிழலுக்கு, பச்சை நிறத்துக்கு, படம் வெறுமையாக இல்லாமல் இருப்பதற்கு என்றுதான் பலரும் சொல்வார்கள். 17ஆம் நூற்றாண்டு ஓவியர் குளோட் லொரைனின் படங்களில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. நாடக மேடையின் பக்கத்திரை மாதிரி ஓரத்தில் நின்றுகொண்டு, பார்ப்பவரின் கண்ணை நடுவில் தெரியும் தூரத்து வெளிச்சத்துக்கு அனுப்பி வைக்கும். அத்தோடு அதன் வேலை முடிந்தது. அடுத்த நூறு, நூற்றைம்பது வருடங்களுக்கு ஐரோப்பாவில் இதுவே வாய்ப்பாடாக இருந்தது.

அந்த மரத்தை ஓரத்திலிருந்து எடுத்து நடுவில் நிறுத்தி, அதையே பேச வைத்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டாவிட் ஃபிரீட்ரிக் (1774 - 1840). பால்டிக் கடலோரத்தில் கிரைஃப்ஸ்வால்ட் என்ற ஊரில் பிறந்தவர். அந்த ஊர் அப்போது சுவீடன் ஆட்சியில் இருந்தது. கோபன்ஹேகனில் படித்துவிட்டு 1798இல் டிரெஸ்டன் நகரத்துக்கு வந்தார். சாகும்வரை அதுதான் அவருடைய ஊர். அவர் படங்களில் திரும்பத் திரும்ப வருவது இரண்டே வகை மரங்கள்: இலை இழந்த ஓக் மரம், எப்போதும் பச்சையாக நிற்கும் ஊசியிலை மரம். இந்த இரண்டையும் வைத்து அவர் என்ன சொன்னார், மற்றவர்கள் அதை என்னவாக ஆக்கினார்கள் என்பது ஒரு சுவாரசியமான கதை. கொஞ்சம் பயமுறுத்தும் கதையும்கூட.

டிரெஸ்டனில் ஏற்கெனவே இருந்த மரம்

பட்ட மரத்தைப் பேச வைத்த முதல் ஆள் ஃபிரீட்ரிக் அல்ல. டச்சு ஓவியர் யாக்கோப் வான் ரூய்ஸ்டால் 1650களில் 'யூதர் கல்லறை' என்றொரு படம் வரைந்தார். கல்லறைகளுக்குப் பக்கத்தில் ஒரு பட்ட மரம், பின்னால் இடிந்த கட்டடம், ஓடும் நீர், வானத்தில் ஒரு வானவில். கல்லறைகள் ஆம்ஸ்டர்டாம் பக்கத்தில் உண்மையிலேயே இருப்பவை. இடிந்த கட்டடம் அங்கே கிடையாது. அதாவது ஓவியர் பார்த்ததை அப்படியே வரையவில்லை. மனித வாழ்க்கை நிலையில்லாதது, ஆனாலும் நம்பிக்கை உண்டு என்று சொல்வதற்காகப் பொருட்களைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

இந்தப் படத்தின் ஒரு பிரதி டிரெஸ்டன் ஓவியக்கூடத்தில் இருக்கிறது. ஃபிரீட்ரிக் வாழ்ந்த அதே நகரம்! ரூய்ஸ்டாலை ஒரு கவிஞராகவே பார்த்து 1816இல் கதே எழுதிய கட்டுரையில் இந்தப் படமும் இடம்பெற்றது. ஆக, மரத்தை ஒரு வாக்கியம் மாதிரி வாசிக்கும் பழக்கம் அந்தச் சூழலில் இருந்தது. ஃபிரீட்ரிக் அதை எடுத்துக்கொண்டு வேறு திசைக்குப் போனார்.

அரக்கர் கல்லறையைச் சுற்றி மூன்று ஓக்

1806 அக்டோபரில் யேனா என்ற இடத்தில் நெப்போலியன் பிரஷ்யப் படையை நொறுக்கினார். அந்த வருட முடிவுக்குள் சாக்சனி அரசு அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. டிரெஸ்டன் அதன் தலைநகர். அடுத்த வருடம் பிரெஞ்சுப் படை ஃபிரீட்ரிக்கின் சொந்தப் பிரதேசமான பொமரேனியாவுக்குள்ளும் புகுந்தது.

ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் (1807) 'பனியில் அரக்கர் கல்லறை' உருவானது. கற்கால மனிதர்கள் பெரிய பாறைகளை அடுக்கிக் கட்டிய ஈமச்சின்னங்கள் வட ஜெர்மனியில் நிறைய உண்டு. இவ்வளவு பெரிய கல்லை மனிதனால் தூக்க முடியாது என்று நினைத்த மக்கள் அதை அரக்கர் கல்லறை என்றே கூப்பிட்டார்கள். படத்தில் அப்படி ஒரு கல்லறை பனியில் பாதி மூடிக் கிடக்கிறது. அதைச் சுற்றி மூன்று ஓக் மரங்கள். இலை ஒன்றுகூட இல்லை. உச்சி முறிந்திருக்கிறது. ஆனால் விழவில்லை. காவலுக்கு நிற்கிற கிழவர்கள் போல நிற்கின்றன.

ஓக் மரத்துக்கு ஜெர்மானியர்களிடம் பழைய வரலாறு உண்டு. கிறிஸ்தவத்துக்கு முந்தைய காலத்தில் அது இடிக் கடவுளான டோனாரின் மரம். சுமார் 723இல் போனிஃபேஸ் என்ற பாதிரியார் கைஸ்மார் என்ற இடத்தில் அந்தக் கடவுளுக்கு உரிய ஓக்கை வெட்டிச் சாய்த்து, அந்த மரத்தைக் கொண்டே ஒரு தேவாலயம் கட்டினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர் சொல்கிறார். வெட்டிய இடத்தில் ஒரு ஊசியிலை மரம் முளைத்தது என்று பிற்காலத்தில் ஒரு கதையும் சேர்ந்துகொண்டது. ஓக் பழைய நம்பிக்கை, ஊசியிலை மரம் புதிய நம்பிக்கை என்ற ஜோடி எவ்வளவு பழையது என்று இதிலிருந்து தெரியும்.

ஓவியரே கொடுத்த விளக்கம்

1808 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஃபிரீட்ரிக் தன் அறையிலேயே ஒரு படத்தைக் காட்சிக்கு வைத்தார். 'மலையில் சிலுவை'. ஒரு பாறை உச்சி, அதில் ஒரு சிலுவை, சுற்றிலும் ஊசியிலை மரங்கள். அவ்வளவுதான். ஆனால் பலிபீடத்தில் வைக்கும் படம் போன்ற சட்டத்துக்குள் அதை வைத்திருந்தார்.

1809 தொடக்கத்தில் ராம்டோர் என்ற விமர்சகர் கொதித்துப்போய் எழுதினார். இயற்கைக் காட்சிப் படம் தேவாலயத்துக்குள் நுழைந்து பலிபீடத்தில் ஏறி உட்காரப் பார்க்கிறதா என்பது அவர் கோபம். அந்தக் காலத்துத் தரவரிசையில் வேதாகமக் காட்சிகளும் வரலாற்றுக் காட்சிகளும் மேலே, மரம் செடி கொடி கீழே. கீழே இருந்தது மேலே வந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அதிகம் பேசாத ஃபிரீட்ரிக் அப்போது வாய் திறந்தார். பாறை என்பது அசையாத விசுவாசம். குளிர்காலத்திலும் பச்சையாக இருக்கும் மரங்கள், சிலுவையில் இருப்பவர் மேல் மனிதர்கள் வைத்திருக்கும் நம்பிக்கை. இதுதான் அவர் எழுதியதன் சாரம். மரத்துக்கு ஓவியரே அர்த்தம் எழுதிக் கொடுத்துவிட்டார்! பிற்கால ஆராய்ச்சியாளர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

1810இல் பெர்லினில் காட்சிக்கு வந்த 'ஓக் காட்டில் மடாலயம்' அவருக்குப் பெரும்புகழ் தந்தது. எல்டெனா என்ற இடத்தில் இடிந்து கிடந்த மடாலயத்தை மாதிரியாக வைத்து வரைந்தது. இருட்டிக்கொண்டு வருகிறது. பனியில் துறவிகள் ஒரு சவப்பெட்டியைச் சுமந்து போகிறார்கள். இடிந்த சுவரின் இரு பக்கமும் மொட்டை ஓக் மரங்கள், கிளைகளை வானத்தில் கீறிக்கொண்டு. சுவரும் செத்துவிட்டது, மரமும் செத்துவிட்டது, மனிதனும் செத்துவிட்டான். மேலே மட்டும் மங்கலாக ஒரு வெளிச்சம். இந்தப் படத்தையும் கூடவே வைத்திருந்த 'கடலோரத் துறவி'யையும் பிரஷ்ய மன்னர் விலைக்கு வாங்கினார்.

ஊன்றுகோலை எறிந்தவன்

மரங்களின் மொழி மிகத் தெளிவாகக் கேட்பது 1811ஆம் வருட ஜோடிப் படங்களில்.

முதல் படம் ஷ்வெரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் பனி. வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள். இரண்டு பட்ட ஓக் மரங்கள். நடுவில் ஊன்றுகோலைப் பிடித்தபடி ஒரு சின்ன உருவம். போகிற இடமும் தெரியவில்லை, வந்த வழியும் தெரியவில்லை.

இரண்டாவது படத்தின் ஒரு பிரதி டார்ட்முண்டில், இன்னொன்று லண்டன் நேஷனல் கேலரியில். அதே பனி. ஆனால் இங்கே ஊசியிலை மரங்கள் பச்சையாக நிற்கின்றன. அவற்றின் முன்னால் ஒரு சிலுவை. பாறையில் சாய்ந்து ஒருவன் கைகூப்பி வேண்டிக்கொண்டிருக்கிறான். அவனுடைய ஊன்றுகோல்கள் பனியில் வீசப்பட்டுக் கிடக்கின்றன. பின்னால் மூடுபனிக்குள்ளிருந்து ஒரு தேவாலயம் எழும்புகிறது. அதன் கோபுரமும் மரமும் ஒரே வடிவம்!

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். பட்ட ஓக் என்றால் வழி தெரியாமை. பச்சை மரம் என்றால் இளைப்பாறுதல். இதோடு கதை முடிந்திருந்தால் ஃபிரீட்ரிக்கின் மரங்களுக்கு ஒரு அகராதி போட்டுவிடலாம். ஆனால் இரண்டே வருடத்தில் போர் அவருடைய வாசலுக்கே வந்தது.

காட்டுக்குள் ஒரு சிப்பாய்

1812இல் ரஷ்யாவில் நெப்போலியன் படை சிதறியது. 1813 மார்ச்சில் பிரஷ்யா அவருக்கு எதிராகப் போர் அறிவித்தது. அந்த மாதம்தான் பிரஷ்ய மன்னர் இரும்புச் சிலுவைப் பதக்கத்தை ஏற்படுத்தினார். அதன் நடுவில் என்ன இருந்தது தெரியுமா? ஓக் இலைகள். பழைய கடவுளின் மரம் இப்போது தேசத்தின் மரம்.

ஃபிரீட்ரிக்கின் நண்பரான ஓவியர் கெர்ஸ்டிங், லூட்சோ தொண்டர் படையில் சேர்ந்து போருக்குப் போனார். அவர் திரும்பி வந்தார், தோழர்கள் மூன்று பேர் வரவில்லை: கவிஞர் தியோடோர் கோர்னர், ஃபிரீசன், ஹார்ட்மன். 1815இல் அவர்களுக்காக கெர்ஸ்டிங் இரண்டு படங்கள் வரைந்தார். ஒன்றில் மூவரும் ஓக் காட்டில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்ததில் ஆட்கள் இல்லை. வெள்ளை உடையில் ஒரு பெண் ஓக் இலைகளால் மாலை கட்டிக்கொண்டிருக்கிறாள். பின்னால் நிற்கும் மூன்று மரங்களில் மூன்று பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. இறந்தவர்கள் மரமாகிவிட்டார்கள்.

ஃபிரீட்ரிக்கோ வேறு மாதிரி வரைந்தார். 1814இல் பெர்லினில் காட்சிக்கு வந்த படம் அது. தன்னந்தனியாக ஒரு பிரெஞ்சுச் சிப்பாய். முதுகுதான் தெரிகிறது. அவன் முன்னால் சுவர் மாதிரி அடர்ந்த ஊசியிலைக் காடு. பாதை அதற்குள் போய் மறைகிறது. முன்னால் ஒரு அடிக்கட்டையில் அண்டங்காக்கை. அது அவனுக்குச் சாவுப் பாட்டு பாடுகிறது என்று அன்றைய பெர்லின் பத்திரிகை எழுதியது.

கவனித்துப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஊன்றுகோலை எறிந்தவனுக்கு அடைக்கலம் தந்த அதே பச்சை மரம்! இப்போது ஒரு மனிதனை விழுங்கக் காத்திருக்கிறது. ஓவியர் அதேதான், மரமும் அதேதான். வருடம் மட்டும் மாறியிருக்கிறது.

வேர் பெயர்ந்த மரம்

நெப்போலியன் தோற்ற பிறகு அரசியல் சட்டம், ஒன்றுபட்ட நாடு, பேச்சுரிமை எல்லாம் வரும் என்று போருக்குப் போன இளைஞர்கள் நம்பினார்கள். வந்தது பழைய மன்னர்கள்தான். 1819இல் கார்ல்ஸ்பாட் சட்டங்கள் வந்தன. 320 பக்கத்துக்குக் குறைந்த எந்த நூலையும் பத்திரிகையையும் தணிக்கை இல்லாமல் அச்சிட முடியாது. பல்கலைக்கழகங்களில் கண்காணிப்பு. மாணவர் சங்கங்களுக்குத் தடை. அந்த மாணவர்கள் விரும்பி அணிந்த 'பழைய ஜெர்மன் உடை'யே சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது.

அந்தச் சமயத்தில் ஃபிரீட்ரிக் வரைந்தது 'நிலவைப் பார்க்கும் இருவர்' (1819 - 20). இரண்டு பேர் முதுகைக் காட்டி நின்று பிறை நிலவைப் பார்க்கிறார்கள். இருவரும் அணிந்திருப்பது அதே உடை! பக்கத்தில் ஒரு பழைய ஓக் வேரோடு பெயர்ந்து சாய்ந்திருக்கிறது. அதன் எதிரே ஒரு ஊசியிலை மரம் பச்சையாக நிற்கிறது. பார்க்க வந்தவர்களிடம், இவர்கள் இருவரும் அரசாங்கத்துக்கு எதிராகச் சதி செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஃபிரீட்ரிக் கிண்டலாகச் சொன்னதாக அப்போது கூட இருந்தவர் பதிவு செய்திருக்கிறார். புத்தகத்துக்குத் தணிக்கை உண்டு. ஒரு சாய்ந்த மரத்தை எந்தத் தணிக்கை அதிகாரி என்ன செய்ய முடியும்?

இந்தப் படத்துக்கு இன்னொரு பிறவியும் உண்டு. 1937இல் டிரெஸ்டன் வந்த ஐரிஷ் எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட் இதைப் பார்த்தார். 1953இல் மேடையேறிய அவருடைய 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தில் இரண்டு மனிதர்களும் ஒரே ஒரு மரமும் இருப்பது நினைவுக்கு வருகிறதா? அந்த நாடகத்துக்கு மூலம் ஃபிரீட்ரிக்கின் நிலவுப் படம்தான் என்று பெக்கெட்டே பின்னாளில் சொன்னார்.

1822இல் பெர்லின் வங்கியாளர் வாகனர் கேட்டுக்கொண்டதற்காக வரைந்தது 'தனி மரம்'. பச்சைச் சமவெளி. தூரத்தில் மலை. நடுவில் ஒரு பெரிய ஓக். உச்சி முறிந்து பட்டுப்போய், ஈட்டி முனை மாதிரி வானத்தைக் குத்துகிறது. ஆனால் கீழ்க் கிளைகளில் இலை இருக்கிறது. அடியில் ஒரு இடையன் சாய்ந்து நிற்கிறான். சுற்றி ஆடுகள் மேய்கின்றன. மேலே பட்டுப்போனாலும் கீழே நிழல் தருகிற மரம். 1807இல் முழுக்கப் பட்டிருந்த ஓக்குக்கு 15 வருடம் கழித்துத்தான் பாதி உயிர் வந்தது.

அகராதி போட முடியுமா?

1973இல் ஹெல்முட் போர்ஷ் சுபான் என்ற ஜெர்மன் கலை வரலாற்றாளர் ஃபிரீட்ரிக்கின் படங்களுக்கு விரிவான அட்டவணை ஒன்றைத் தயாரித்தார். மிகப் பெரிய உழைப்பு. அதில் பெரும்பாலான பொருட்களுக்கும் ஒரு சமய அர்த்தம் கொடுத்திருந்தார். ஓக் என்றால் கிறிஸ்தவத்துக்கு முந்தைய வீர வாழ்க்கை, ஊசியிலை மரம் என்றால் கிறிஸ்தவ நம்பிக்கை. வேறு சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. போரையும் தணிக்கையையும் விட்டுவிட்டு இந்தப் படங்களைப் படிக்கவே முடியாது என்றார்கள்.

இரண்டு கட்சிக்கும் சாட்சிகள் இருக்கின்றன. சமயக் கட்சிக்கு 1809இல் ஓவியரே எழுதிய விளக்கம். அரசியல் கட்சிக்கு 1814இன் சிப்பாயும் 1819இன் உடையும். ஆனால் மூன்றாவது சாட்சியை மறந்துவிடக் கூடாது. அது மரமே. ஃபிரீட்ரிக் வெளியே போய் ஒவ்வொரு மரத்தையும் அதன் முடிச்சு, பொந்து, முறிவு எல்லாவற்றோடும் பென்சிலில் வரைந்து, பல நேரம் தேதியும் குறித்து வைப்பார். அந்தக் கோட்டோவியங்களைப் பல வருடம் கழித்துக்கூட வெவ்வேறு படங்களில் பயன்படுத்துவார். எனவே அவர் படத்தில் நிற்பது 'ஓக்' என்ற சொல் அல்ல. எங்கோ ஒரு வயலில் உண்மையிலேயே நின்ற ஒரு குறிப்பிட்ட மரம்.

அந்த மரங்களுக்கும் அப்போது கஷ்ட காலம். 1811இல் ஹைன்ரிக் கோட்டா என்பவர் டிரெஸ்டன் பக்கத்தில் இருக்கும் தாரண்ட் என்ற ஊருக்குத் தன் வனவியல் பள்ளியைக் கொண்டுவந்தார். வெட்டித் தீர்ந்த காடுகளைக் கணக்குப் போட்டு மறுபடி வளர்ப்பது அதன் நோக்கம். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் பல பகுதிகளில் சீக்கிரம் வளர்ந்து பணம் தரும் ஊசியிலை மரங்கள் வரிசை வரிசையாக நடப்பட்டன. அந்த அடிக்கட்டைகள் நிறைந்த பனிவெளியைப் பார்க்கும்போது, அது மனித மனத்தின் படம் மட்டும்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

மரத்தைத் திருடியவர்கள்

1840இல் இறந்தபோது ஃபிரீட்ரிக்கை ஏறக்குறைய எல்லோரும் மறந்திருந்தார்கள். 1906இல் பெர்லினில் நடந்த பெரிய கண்காட்சிதான் அவரை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1931இல் மியூனிக் கண்ணாடி மாளிகை தீப்பிடித்தபோது அவருடைய 9 படங்கள் எரிந்தன. ஆனால் அதைவிடப் பெரிய விபத்து அதற்குப் பிறகு நடந்தது. ஹிட்லரின் ஆட்கள் அவரைத் தங்கள் ஓவியர் என்று சொல்லிக்கொண்டார்கள். பனியும் பாறையும் ஓக்கும் 'ஜெர்மன் இரத்தம், ஜெர்மன் மண்' ஆகிவிட்டன. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர்களுக்குப் பதக்கத்தோடு ஒரு ஓக் கன்றும் கொடுத்தார்கள்.

அடுத்த வருடம் வைமார் பக்கத்தில் எட்டர்ஸ்பெர்க் மலைக்காட்டை வெட்டி ஒரு வதைமுகாம் கட்டினார்கள். அது கதே உலாவிய மலை என்பதால் அந்தப் பெயரை முகாமுக்கு வைக்கக் கூடாது என்று ஊர்ப் பிரமுகர்கள் ஆட்சேபித்தார்கள். அதனால் 'பூகன்வால்ட்' என்று பெயர் வைத்தார்கள். அதற்கு அர்த்தம் பீச் மரக்காடு. முகாமை ஆட்சேபிக்கவில்லை, பெயரைத்தான்! உள்ளே ஒரு பெரிய ஓக்கை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். கைதிகள் அதைக் கதேயின் ஓக் என்றார்கள். 1944 ஆகஸ்டில் குண்டுவீச்சில் அது கருகியது. பிறகு வெட்டப்பட்டது. அதன் அடிக்கட்டை இன்றும் அங்கே இருக்கிறது. ஃபிரீட்ரிக் வரைந்த அடிக்கட்டைகளில் எதுவும் இவ்வளவு கனமானது இல்லை.

போர் முடிந்த பின் சில காலம் ஃபிரீட்ரிக்கை ரசிப்பதே சங்கடமான விஷயமாக இருந்தது. 1972இல் லண்டனிலும் 1974இல் ஹம்பர்கிலும் நடந்த கண்காட்சிகள்தான் அவரை மீட்டன. ஓக் மட்டும் அதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டது. 1949இல் மேற்கு ஜெர்மனிக்கு வந்த 50 ஃபெனிக் நாணயத்தில் ஒரு பெண் மண்டியிட்டு ஓக் கன்று ஒன்றை நட்டுக்கொண்டிருக்கிறாள். வாளும் இல்லை, கழுகும் இல்லை. தரைமட்டமான ஒரு நாடு தன்னைப் பற்றிச் சொல்ல அந்தக் காட்சியைத் தேர்ந்தெடுத்தது. யூரோ வரும்வரை ஐம்பது வருடத்துக்கும் மேலாக அந்தக் காசு மக்கள் பையில் இருந்தது.

கடவுளின் மரம், இறந்தவர்களின் மரம், போரின் மரம், தோற்ற கனவின் மரம், கொலைகாரர்களின் மரம், மறுபடி நடப்பட்ட மரம். எல்லாம் ஒரே ஓக்! எனவே அடுத்த முறை ஒரு இயற்கைக் காட்சி ஓவியத்தில் தனியாக ஒரு மரத்தைப் பார்த்தால், அதற்கு என்ன அர்த்தம் என்று உடனே கேட்க வேண்டாம். எந்த வருடம் வரைந்தது, அந்த வருடம் அந்த ஊரில் எதைப் பேசக் கூடாது என்றிருந்தது என்று முதலில் கேளுங்கள். மரம் தானாகப் பேசாது. அதைப் பேச வைத்தவர் யார், பிறகு அதன் வாயில் தன் வார்த்தையைத் திணித்தவர் யார் என்று பிரித்துப் பார்ப்பது பார்ப்பவரின் வேலை.